கார்டீலியா அம்மாவின் கோழிச் சாப்பாடு

முரளி: அத்தை, இன்று மதியம் கலிஃபோர்னியாவின் பியூனா பார்க் ஊரில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் கோழிக் கடையில் சாப்பிட்டோம். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சித்ரா அத்தை: பார்த்தேன் முரளி. நாட்ஸ் என்றால் ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் இருக்குமே, அந்த இடமா?

முரளி: அதேதான் அத்தை. ஆனால் ராட்டினத்துக்கு முன்னால் வந்தது சாப்பாடு. இப்போதும் கடை பார்க்குக்கு வெளியில்தான் இருக்கிறது, டிக்கெட் எடுக்காமல் போகலாம்.

பெரியப்பா: யாருடைய பண்ணை அது?

முரளி: வால்டர் நாட், கார்டீலியா நாட் தம்பதியுடையது பெரியப்பா. முதலில் மொஹாவி பாலைவனத்தில் நிலம் எடுத்து விவசாயம் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. 1920 இல் இங்கே 20 ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து பெர்ரி போட்டார்கள். சாலையோரமே கடை வைத்துப் பழம் விற்றார்கள். 1928 இல் கட்டடம் எழும்பியது. பழக்கடை, நாற்று விற்பனை, கூடவே ஒரு டீ ரூம். டீ ரூம் கார்டீலியா பொறுப்பு.

கவிதா: பாய்சன்பெர்ரி என்ற கலப்பினப் பழம் வால்டர் கண்டுபிடித்ததுதானே அண்ணா?

முரளி: இல்லை கவி. பெர்ரி வகைகளைக் கலந்து அதை உருவாக்கியவர் ருடால்ஃப் பாய்சன். பாதியில் விட்டுவிட்டார். அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் டாரோ இதைக் கேள்விப்பட்டு வால்டரைத் தேடி வந்தார். இருவரும் பாய்சனின் பழைய நிலத்துக்குப் போய்ப் பார்த்தால், களைக்குள் சாகக் கிடக்கும் சில கொடிகள். வால்டர் அவற்றைப் பெயர்த்து வந்து தன் நிலத்தில் பிழைக்க வைத்தார். 1932 இல் பழம் விற்பனைக்கு வந்தது. பெயர் பாய்சனுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பெரியப்பா: சாகக் கிடந்த கொடியைத் தேற்றுவது லேசுப்பட்ட வேலையா! அதற்கே அவரைக் கும்பிடலாம்.

சித்ரா அத்தை: கோழி எப்போது வந்தது?

முரளி: 1934 ஜூனில். பொருளாதார மந்தக் காலம், பழத்தை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. கார்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குக் கோழி பொரித்துப் பரிமாறினார். ஒரு சாப்பாடு 65 சென்ட். கோழியோடு பிஸ்கட் (நம்மூர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற சின்ன ரொட்டி), காய்கறி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, கடைசியில் பெர்ரி பை என்ற, பழம் வைத்துச் சுட்ட இனிப்பு.

சித்ரா அத்தை: கல்யாணத் தட்டையா? அதைப் பரணிலிருந்து இறக்கவே எனக்கு மனசு வராது.

முரளி: எனக்கும் அதுதான் அத்தை மனசில் நிற்கிறது. 1940 வாக்கில் ஞாயிறு மாலைகளில் 4,000 சாப்பாடு போயிருக்கிறது! மணிக்கணக்கில் வரிசை. நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்றுதான் வால்டர் அந்த ஆண்டு கோஸ்ட் டவுன் என்ற பழங்கால ஊரைக் கட்ட ஆரம்பித்தார். பார்க் முழுவதும் அதிலிருந்து வளர்ந்ததுதான். எல்லோரும் வால்டரைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் கார்டீலியா பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

கவிதா: பழம் இல்லாவிட்டால் முதலில் அந்தச் சாலையில் யார் வண்டியை நிறுத்தியிருப்பார்கள் அண்ணா?

முரளி: சரி, நிறுத்தியது பழம். திரும்பத் திரும்ப வரவைத்தது சாப்பாடு.

பெரியப்பா: இப்போதும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறதா?

முரளி: இல்லை பெரியப்பா. கார்டீலியா 1974 இலும் வால்டர் 1981 இலும் காலமானார்கள். பிள்ளைகள் 1997 இல் சீடர் ஃபேர் என்ற பொழுதுபோக்குப் பூங்கா நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆனாலும் கடைப் பெயரில் இன்றும் மிஸஸ் நாட் இருக்கிறார்.

சித்ரா அத்தை: படத்தில் சின்னக் கிண்ணத்தில் சிவப்பாக இருக்கிறதே, அது என்ன?

முரளி: ருபார்ப் என்ற செடி அத்தை. அதன் தண்டைச் செர்ரியோடு வேகவைத்து இனிப்பாகச் செய்கிறார்கள். கோழிக்கு முன்னால் அதுதான் மேசைக்கு வருகிறது. புளிச்சக்கீரை மாதிரி நாக்கைச் சுண்டும் புளிப்பு. நல்ல பசியைக் கிளப்பிவிடும். பிஸ்கட் சூடாக வந்தது, பிட்டால் ஆவி பறக்கிறது, அதில் பாய்சன்பெர்ரி ஜாம் தடவிச் சாப்பிட வேண்டும்.

சித்ரா அத்தை: எனக்கு அந்த ஜாம் ஒரு பாட்டில் வேண்டும்.

முரளி: இரண்டாகவே கொண்டு வருகிறேன் அத்தை. கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன்.