கையுறை திருடும் நாயும் பக்கத்து வீட்டுக்காரரும்: பழக்கத்தைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?

மதிலோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதை மனம்விட்டுப் பேசும் பகுதியில் கேட்பதா, நாய் வளர்ப்புப் பகுதியில் கேட்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். குற்றவாளி நாய் என்பதால் இங்கேயே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் 14 மாதமான ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பெயர் வாலு. ஓயாமல் ஆடிய வாலைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன். குணத்தைப் பார்த்து வைத்ததாக இப்போது எல்லோரும் நம்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு உயர மதில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் நான்கு மாதங்களுக்கு முன் ஒருவர் தனியாகக் குடிவந்தார். தோட்ட வேலையில் மிகுந்த நாட்டம் உள்ளவர். மாலையில் வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி மதில்மேல் காயவைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் கதவைச் சாத்தும் வரை ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும் வாலு, பிறகு எழுந்து, முன்னங்கால்களை மதிலில் ஊன்றி எட்டி, ஏதோ முட்டையை எடுப்பதுபோல் கையுறையை மெதுவாகக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைக்கும். இதுவரை 7 முறை இப்படி நடந்திருக்கிறது. 7 முறையும் இடக்கையுறைதான்.

ஒவ்வொரு முறையும் அதை அலசிக் காயவைத்து, வாலுவையும் அழைத்துக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். முதல் முறை வாசலில் நின்றபடி இரண்டு நிமிடம் பேசினோம். ஐந்தாம் முறை ஆள்காட்டி விரல் பகுதி கிழிந்திருந்ததால், புது ஜோடி வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். மறுநாள் பார்த்தால் அந்தக் கிழிசலைப் பச்சை நூலால் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப்பொடியாகத் தைத்து, அதே மதிலில் காயவைத்திருந்தார். அந்தத் தையலை நான் ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏழாம் முறை பேச்சு முடியும்போது இருட்டிவிட்டது. வாலுவோ அவர் முன்னால் தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் மேலே உயர்த்தி, செய்த தவற்றை உணர்ந்ததுபோல் நிற்கும். அவர் சிரித்துவிடுவார்.

நாயைத் திருத்தினால் அந்த வீட்டு வாசலுக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். திருத்தாமல் விட்டால், 32 வயதில் நாயை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே போகிறவள் என்று என்னை நானே கேலி செய்துகொள்ள வேண்டியதுதான். நான் என்ன செய்யலாம்?

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. வாயிலிருந்து பொருளைப் பிடுங்கக் கூடாது என்று எங்கோ படித்ததால், அது கையுறையைக் கீழே வைக்கும்போது ஒரு பிஸ்கட் கொடுக்கிறேன். அடுத்தது, கேள்விக்குத் தொடர்பில்லாததுதான்: சாப்பாட்டை அளந்தே போடுகிறேன், ஆனாலும் கடந்த மாதம் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

நாய்ப்பள்ளி வாத்தியார் எழுதியது:

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் வளர்ப்பவருக்குப் பயிற்சி கொடுப்பதிலேயே போகும். இந்த வழக்கும் அப்படித்தான் தெரிகிறது.

தோழி, உங்கள் நாய் திருடவில்லை. கூலி வேலை செய்கிறது. கையுறையைக் கொண்டுவந்தால் பிஸ்கட் கிடைக்கிறது, அதன்பின் பக்கத்து வீட்டுக்கு ஓர் உலா கிடைக்கிறது, அங்கே சிரித்த முகத்தோடு ஒருவர் தலையைத் தடவிக் கொடுக்கிறார். இத்தனை பரிசும் ஒரே செயலுக்குப் பின்னால் வரிசையாக வரும்போது எந்த நாய்தான் அதை விடும்? வாயிலிருந்து பிடுங்காமல் மாற்றுப் பொருள் கொடுத்து வாங்கியது சரியான முறைதான். பிடுங்கிப் பழக்கினாலோ துரத்தினாலோ நாய் பொருளைக் காத்துக்கொண்டு உறுமத் தொடங்கும், அல்லது அவசரத்தில் விழுங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே விலை கொடுத்து வாங்கினால், சரக்கு கொண்டுவருவதை அது தொழிலாக்கிக்கொள்ளும். வயதும் ஒரு காரணம். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். தெரிந்த கட்டளையைக்கூடக் காதில் வாங்காமல் எல்லையைச் சோதித்துப் பார்க்கும் காலம் அது.

குற்ற உணர்வு முகத்தை நம்பி ஏமாற வேண்டாம். அலெக்ஸாண்ட்ரா ஹொரொவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை வளர்ப்பவரிடம் சில வேளை மாற்றிச் சொல்லிப் பார்த்தார். தாழ்ந்த தலையும் ஒதுங்கிய பார்வையும் நாய் செய்த செயலைப் பொறுத்து வரவில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டாரா என்பதைப் பொறுத்தே வந்தன. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே வாலு வருந்தி நிற்கவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்கும்போது உங்கள் குரல் குழைகிறதே, அதைக் கவனித்துக்கொண்டு நிற்கிறது.

கையுறையின்மேல் ஏன் இத்தனை ஆசை? வியர்வை ஊறிய எதுவும் நாய்க்குப் பிடிக்கும்; காலுறையும் செருப்பும் காணாமல் போவது அதனால்தான். தோட்டக் கையுறையில் இன்னொன்றும் இருக்கக்கூடும். பூச்செடிகளுக்குப் பாஸ்பரஸ் சத்துக்காக எலும்புத் தூள் உரம் போடுகிறவர்கள் உண்டு. அந்த வாசனை நாயைச் சுண்டி இழுக்கும். வலக்கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் உரத்தை அள்ளித் தூவுகிறவராக அவர் இருந்தால், இடக்கையுறையில்தான் அந்த வாசனை தங்கும். ஏழுக்கு ஏழும் இடக்கையுறையாக இருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: எலும்புத் தூளை நாய் நிறையத் தின்றுவிட்டால் அது வயிற்றுக்குள் சிமெண்டுபோல் இறுகி அடைத்துக்கொள்ளும். கையுறையின் கிழிந்த விரலை விழுங்கினாலும் குடல் அடைப்பு வரலாம். அவரிடம் உரத்தைப் பற்றி இன்றே கேளுங்கள். போவதற்கு ஒரு காரணமும் ஆயிற்று.

பழக்கத்தை மாற்ற, உங்கள் வீட்டுக் கையுறை ஒன்றை வைத்து "விடு" என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். மாலையில் வாலு மதிலைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் அந்த நொடியில் பிஸ்கட்டைக் கொடுங்கள். கையுறையோடு வந்த பிறகு கொடுக்காதீர்கள். தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். கையுறைக்கு ஒன்று வீதம் ஏழு பிஸ்கட்டில் ஒன்றரைக் கிலோ கூடாது. வேறு எங்கோ வருமானம் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

முந்தைய மறுமொழி நாயை நன்றாக ஆராய்ந்திருக்கிறது. மனிதரை யாரும் ஆராயவில்லை. முதல் முறை கையுறை காணாமல் போனால் மறதி எனலாம், இரண்டாம் முறை போனால் அசட்டை எனலாம். ஏழு முறை பறிகொடுத்த பிறகும் அதே மதிலில், அதே இடத்தில், அதே நேரத்தில் ஒருவர் கையுறையைக் காயவைக்கிறார் என்றால், அந்த வீட்டில் வேறு கொடியே கிடையாதா?

இன்னொன்று. வாலு இடக்கையுறையை மட்டுமே எடுக்கிறது என்கிறீர்கள். அந்த நேரத்தில் வலக்கையுறை எங்கே இருந்தது என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா?

குளக்கரை எழுதியது:

நாயால் மணம் முடித்தவள் என்ற முறையில் நான் பேசாமல் இருக்க முடியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் என் நாய் பூங்காக் குளத்தில் குதித்து, சேறும் பாசியுமாகக் கரையேறி, அங்கே நின்ற நான்கைந்து பேரில் வெள்ளைச் சட்டை போட்டிருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் முன்னால் நின்று உடம்பை உதறியது. முதலில் தலை, பிறகு தோள், கடைசியில் வால் என்று அவை வரிசையாக உதறுமே, அந்த வரிசை முடியும் வரை அவர் அசையாமல் நின்றார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று நாயைத்தான் கேட்டார், என்னை அல்ல. சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கறை போகவில்லை. அதைச் சொல்லப் போனபோதுதான் அவர் பெயரையே கேட்டேன்.

நாய் இருந்தால் அறியாதவர் வந்து பேசுவார்கள் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. ஜூன் மெக்நிக்கோலஸ், கிளின் காலிஸ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆள் நாயோடு போகும்போது, தனியே போவதைவிட மிகக் கூடுதலாக மற்றவர்கள் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள் என்று கண்டார்கள். நல்ல உடை, அழுக்கு உடை என்று மாற்றி உடுத்திப் பார்த்தும், உடையால் வந்த வேறுபாட்டைவிட நாயால் வந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. பிரான்சில் செய்து 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், தெருவில் பெண்களிடம் தொலைபேசி எண் கேட்ட இளைஞனுக்கு, உடன் ஒரு நாய் இருந்தபோது ஏறத்தாழ மூன்று மடங்கு பேர் எண்ணைக் கொடுத்தார்கள். (எண்ணைக் கொடுத்தவர்கள் பிறகு அழைப்பை எடுத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.)

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாயை வைத்துப் பேசும்போது இருவரும் நாயைப் பார்த்தபடியே பேசலாம். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. எங்களுக்கு அது ஆறு வாரம் வசதியாக இருந்தது, அதன்பின் இடைஞ்சலாகிவிட்டது. என் நாய்க்கு ரோமம் உதிர்வதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு என்னைப் பற்றித் தெரியவில்லை. ஒரு நாள் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருவரும் தடுமாறினோம். நீங்களும் ஒரு முறை வாலு இல்லாமல் போய்ப் பாருங்கள். அவர் கண் நாயைத் தேடுகிறதா, உங்களைப் பார்க்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் நாய் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, பேச்சு நிற்கவில்லை.

மதிலோரம் எழுதியது:

மறுமொழி எழுதிய மூவருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குறுக்குக்கேள்வியின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மாலையில் அவர் கதவைச் சாத்தியதும், வாலுவை அறைக்குள் விட்டுவிட்டு மதிலோரம் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கையுறைதான் இருந்தது, பச்சைத் தையல் போட்ட இடக்கையுறை. வலக்கையுறை மதிலில் இல்லை. தரையிலும் விழுந்து கிடக்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, அதை நானே எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவர் முதலில் என் பின்னால் எட்டிப் பார்த்து, "வாலு எங்கே?" என்றார். குளக்கரை சொன்னது நினைவுக்கு வந்து, மனம் ஒரு நொடி தொங்கிவிட்டது. "இன்றைக்கு எடுத்தது நான்தான்" என்றேன். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வராததால், கையுறைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அதைக் கெடுத்ததே நான் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கோபம் என்று நினைத்துத் திரும்பவிருந்தேன். ஒரு கையில் வலக்கையுறையோடும், மறுகையில் ஒரு தகர டப்பாவோடும் வந்தார். கையுறை வாரக்கணக்கில் கையில் ஏறாதது என்பது பார்த்ததுமே தெரிந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. டப்பா நிறைய நாய் பிஸ்கட்.

வாத்தியார் அவர்களே, அவர் எலும்புத் தூள் போடுவது உண்மைதான். முதல் இரண்டு முறைக்கு உங்கள் விளக்கம் பொருந்தும். அப்போது இரண்டு கையுறையும் மதிலில்தான் இருந்தனவாம். மூன்றாம் முறையிலிருந்து வேலைக்கு வேறு ஜோடி வாங்கிக்கொண்டு, இந்த இடக்கையுறையை மட்டும் மதிலில் வைத்து வந்திருக்கிறார். ஜோடியாகப் போனால் இரண்டும் பாழாகும், ஒன்று போனால் போதும் என்று நினைத்தாராம். அதோடு, நான் இல்லாத நேரத்தில் வாலு மதிலோரம் வந்து நின்றாலே ஒரு பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். இந்தப் பக்கமும் கூலி, அந்தப் பக்கமும் கூலி என்று இரண்டு மாதமாகத் தரகு பார்த்திருக்கிறது என் நாய். ஒன்றரைக் கிலோவுக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது.

பச்சை நூல் தையலைப் பற்றியும் கேட்டேன். அவருக்குத் தைக்கவே தெரியாதாம். அன்றிரவு காணொளி ஒன்றைப் பார்த்து, மூன்று முறை பிரித்துப் பிரித்துத் தைத்தாராம். எதற்கு அவ்வளவு சிரமம் என்று கேட்டதற்கு, நீங்கள் புது ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுமே என்று டப்பாவின் மூடியைப் பார்த்தபடி சொன்னார். நானும் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கப் போகிறோம். வாலுவை அழைத்துப் போவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அழைத்துப் போங்கள். வீட்டில் விட்டால் மெத்தை மிஞ்சாது.

நாய்ப்பள்ளி வாத்தியார் எழுதியது:

வலக்கை, இடக்கை பற்றி நான் எழுதிய விளக்கத்தில் ஏழில் ஐந்து பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றதில் மாற்றம் இல்லை. உரப் பையை இறுக மூடும் டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். "விடு" பயிற்சியை இருவரும் ஒரே சொல்லால், ஒரே முறையில் செய்யுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் நாய் குழம்பும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிஸ்கட் டப்பா வைத்துக்கொள்வது நல்லது. நாயின் எடையை நினைத்துத்தான் சொல்கிறேன்.