கிளவுட் சர்வரில் இயங்குதள நிறுவல் முடங்கினால்: பழுது பார்ப்பதா, புதிதாக எழுப்புவதா?

நிலைவட்டு:
வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் விண்டோஸ் சர்வர் 2022-ஐ ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து நிறுவ முயன்றால், வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒரு வட்டுகூடத் தென்படவில்லை. இன்னொரு சர்வரில், அலுவலகக் கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ரெட்ஹேட் வகை லினக்ஸின் வட்டு இமேஜை (வட்டின் முழு நகலை) ஏற்றினேன். டிராகட் (லினக்ஸின் ஆரம்பத் துவக்கத்தைக் கையாளும் கருவி) நெடுநேரம் காத்திருந்துவிட்டு, ரூட் பகுதி (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) இல்லை என்று அவசர முனையத்தில் நின்றுவிடுகிறது. இவற்றோடு மல்லுக்கட்டுவதா, வழங்குநரின் ஆயத்த இமேஜுக்கு மாறிவிடுவதா?

கெர்னல்வாசி:
மாறிவிடுங்கள். ஆயத்த இமேஜில் அந்தச் சூழலுக்கு வேண்டிய டிரைவர்கள் ஏற்கெனவே இருக்கும். லினக்ஸ் என்றால், முதல் துவக்கத்திலேயே கிளவுட்-இனிட் என்ற தானியங்கி அமைப்புக் கருவி வழங்குநரின் தகவல் சேவையை (பெரும்பாலும் 169.254.169.254 என்ற முகவரி) அணுகி, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் முறை) சாவியையும் கணினிப் பெயரையும் தானே அமைத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் அழித்துவிட்டு, அதே ஸ்கிரிப்டைக் கொண்டு இன்னொன்றை எழுப்பலாம். கையால் பழுது பார்ப்பதில் செலவாகும் உழைப்பு அந்த ஒரே சர்வரோடு முடிந்துவிடுகிறது.

முனையம்:
இதை நான் ஏற்கவில்லை, நண்பரே. அவர் சந்திக்கும் இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றுதான், அதுவும் தெரிந்த காரணம். கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடும் சர்வர்களில் வட்டு பெரும்பாலும் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் சாதனமாகவே காட்டப்படுகிறது; விண்டோஸ் நிறுவியில் அதற்கான டிரைவர் கிடையாது. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்து, டிரைவரை ஏற்றும் பொத்தானை அழுத்தி, வியோஸ்டார் கோப்புறைக்குள் 2கே22, அதற்குள் ஏஎம்டி64 என்று சென்றால் வட்டு தெரியும். விர்ட்ஐஓ ஸ்கஸி வட்டு என்றால் வியோஸ்கஸி கோப்புறை. நெட்வொர்க்குக்கான நெட்கேவிஎம் டிரைவரையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நிறுவி முடித்தபின் நெட்வொர்க் இருக்காது, தொலைவிலிருந்து உள்ளே நுழையவும் முடியாது.

லினக்ஸில், டிராகட் வழக்கமாகத் தான் ஓடும் கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஆரம்பத் துவக்கக் கோப்பில் சேர்க்கும். அலுவலகக் கணினியின் வட்டுக்கானது அதில் இருக்கிறது, விர்ட்ஐஓவுக்கானது இல்லை. துவக்கும்போது தோன்றும் கிரப் பட்டியலின் அடியில் உள்ள ரெஸ்க்யூ பதிவைத் தேர்ந்தெடுங்கள்; அது எல்லா வன்பொருளுக்குமாகக் கட்டப்பட்டது என்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும். உள்ளே சென்றதும் எல்லாக் கெர்னல்களுக்கும் டிராகட்டை மீண்டும் ஓட்டுங்கள். எஃப்எஸ்டேபில் (துவக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல்) எஸ்டிஏ1 போன்ற பெயர்கள் இருந்தால் யுயுஐடிக்கு (வட்டுப் பகுதியின் தனி அடையாள எண்) மாற்றுங்கள், ஏனெனில் இங்கே வட்டின் பெயர் விடிஏ ஆகியிருக்கக்கூடும்.

கெர்னல்வாசி:
காரணத்தை நீங்கள் சரியாகவே சொன்னீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இவருக்குச் சர்வரின் திரையை நேரடியாகப் பார்க்கும் வசதி கிடைத்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் தவிர வேறு வழியே தராத வழங்குநரிடம் ரெஸ்க்யூ பதிவை எப்படித் தேர்ந்தெடுப்பது? பயாஸ் என்ற பழைய துவக்க முறையில் உருவான இமேஜை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை மட்டுமே உள்ள சர்வரில் ஏற்றினால் கிரப் வரைகூடப் போகாது. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்தது தயாராக நிற்கும்.

முனையம்:
திரை இல்லாவிட்டால், வட்டின் ஸ்னாப்ஷாட்டை (அந்நேர நகலை) எடுத்துக்கொண்டு, வட்டைக் கழற்றி, நலமாக உள்ள வேறொரு சர்வரில் இரண்டாவது வட்டாக இணைத்து, சிஹெச்ரூட் செய்து (அந்த வட்டின் இயங்குதளத்துக்குள் நுழைந்து) திருத்தலாம். அங்கே டிராகட்டை ஓட்டும்போது கெர்னல் பதிப்பைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இல்லையேல் அது உதவிக்கு வந்த சர்வரின் கெர்னலைத் தேடும். ஒரே இமேஜிலிருந்து பிறந்த இரண்டு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை வட்டுகளுக்கு யுயுஐடி ஒன்றாகவே இருக்கும் என்பதால், நோயுயுஐடி விருப்பம் இன்றி இரண்டாவது வட்டு மவுன்ட் ஆகாது. மேலும், ஆயத்த இமேஜ் ஒருபோதும் விழாது என்பதில்லை. தரவு வட்டு ஒன்றை நோஃபெயில் (வட்டு இல்லாவிட்டாலும் துவக்கத்தைத் தொடர விடும் விருப்பம்) இல்லாமல் எஃப்எஸ்டேபில் எழுதிவிட்டு, பின்னர் அந்த வட்டைக் கழற்றினால், அடுத்த துவக்கத்தில் அதுவும் அவசர முனையத்தில்தான் நிற்கும். சர்வரிலேயே தரவு இருக்கும்போது அழித்துவிட்டு எழுப்புங்கள் என்று சொல்ல முடியுமா?

கெர்னல்வாசி:
தரவை ரூட் வட்டில் வைக்கக் கூடாது என்பதே என் வாதத்தின் அடிப்படை.

நிலைவட்டு:
வியோஸ்கஸியை ஏற்றியதும் விண்டோஸ் வட்டைக் கண்டுகொண்டது. லினக்ஸும் ரெஸ்க்யூ வழியாக எழுந்து, இப்போது தானாகவே துவங்குகிறது. ஆனால் லினக்ஸில் நெட்வொர்க் இல்லை.

முனையம்:
பழைய இணைப்புக் கோப்பு ஈஎன்ஓ1 என்ற பெயரோடும் பழைய நிலையான ஐபியோடும் கட்டப்பட்டிருக்கும். இங்கே நெட்வொர்க் அட்டையின் பெயர் ஈஎன்எஸ்3 போல வேறாக இருக்கும். திரை வழியாக உள்ளே சென்று, அந்தப் பெயருக்குப் புதிய இணைப்பு ஒன்றை டிஹெச்சிபியோடு (ஐபியைத் தானாகப் பெறும் முறை) உருவாக்கிவிட்டு, பழையதை நீக்கிவிடுங்கள்.