தலைவரம்மா கேட்ட ‘செய்யலாமா?’

2006 முதல் ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். இரண்டு ஆண் தலைவர்களிடம் பணியாற்றிய பிறகு, 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற பெண் தலைவர் ஒருவரிடம் ஐந்தாண்டுகள் பணியாற்றினேன். உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பின் நடந்த தேர்தலில் வென்று வந்தவர் அவர். அவருடைய பேச்சைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

முந்தைய தலைவர்கள் ‘நாளைக்குள்ள முடிச்சிடு’ என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இவரோ, “கிளார்க்கண்ணே, கீழத்தெரு மோட்டாரைக் கழட்டிப் பார்க்கச் சொல்லலாமா?” என்று கேட்டார். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று எண்ணி நான் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டேன். பதினோராம் நாள் கீழத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியபின், குரலை உயர்த்தாமல் அவர் சொன்னார்: “செய்யலாமான்னு நான் கேட்டா, செய்யணும்னுதான் அர்த்தம். உங்களுக்கு அதுல சங்கடம் ஏதாவது இருந்தா சொல்லட்டுமேன்னு அப்படிக் கேக்குறேன்.”

உண்மையிலேயே சங்கடம் இருந்தது. பழுது பார்ப்பவருக்குப் பழைய பாக்கி நின்றதால் அவர் வர மறுத்தார். ‘முடிச்சிடு’ என்ற தலைவர்களிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை; சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து தவித்திருக்கிறேன். அன்று சொன்னேன். அந்தப் பாக்கிக்கே முதல் காசோலை எழுதப்பட்டது.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர், எதிரே அமர்ந்திருக்கும் தலைவரை விட்டுவிட்டு, வாசலில் வண்டியோடு நிற்கும் அவருடைய கணவரிடம் போய் விவரம் கேட்டு வந்துதான் பேனாவை எடுப்பார். மூன்றாம் முறை அவர் எழுந்தபோது, தலைவர் ரொக்கப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, “கணக்கு இங்க இருக்குங்க, இங்கேயே கேளுங்க” என்றார்.

கிராம சபையில் பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு ஓரமாக அமர்ந்திருப்பதே வழக்கம். அவர் சபைக்கு முந்தின நாளே நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார். குழாயில் ஒன்பது மணிக்குத் தண்ணீர் வருகிறது, அதற்குள் நாங்கள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம் என்றார்கள். மறுநாள் தண்ணீர் விடும் நேரத்தை ஐந்தரை மணியாக மாற்றும் தீர்மானத்தை வாசித்தபோது, “இதெல்லாம் ஒரு தீர்மானமா?” என்று ஒரு வார்டு உறுப்பினர் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “தண்ணி புடிக்கிறது நாங்கதானே” என்றார். அந்தச் சபையில் ஒரு பெண் எழுந்து பேசியதை நான் முதன்முறையாகப் பதிவு செய்தேன். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வு செய்த எஸ்தர் டஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும், பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதை 2004இல் எழுதியிருக்கிறார்கள் என்று பின்னர் படித்தபோது, எனக்கு அந்தப் பின்வரிசைதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை. மேல் அலுவலகத்தின் தொலைபேசிப் பட்டியலில் தலைவரின் பெயருக்கு நேரே அவருடைய கணவரின் எண் இருந்தது. திருத்தக் கோரி இருமுறை கடிதம் எழுதினேன். 2025 ஜனவரியில் அவருடைய பதவிக்காலம் முடிந்த நாள்வரை, கூட்டத்துக்கான அழைப்பு அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது.