சிஏபிடி: உள்ளே 2 லிட்டர் போகிறது, 1,600 மில்லிதான் திரும்புகிறது

ஆயர்ஈத்தாம்_மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. சீனி வியாதியில் கிட்னி கெட்டு, ஐந்து மாதமாக வீட்டிலேயே சிஏபிடி (குழாய் வழியாக வயிற்றுக்குள் தண்ணீரை ஏற்றி, சில மணி நேரம் விட்டு இறக்கும் டயாலிசிஸ்). ஒரு நாளைக்கு நாலு பை, எல்லாமே 2 லிட்டர், 1.5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சீனி). போன வாரம் வரை 2,100, 2,200 என்று இறங்கும். நாலு நாளாக 1,600-ஐத் தாண்டவில்லை. தண்ணீர் தெளிவுதான், ஆனால் வெள்ளை நூல் மாதிரி ஏதோ மிதக்கிறது. காய்ச்சல், வயிற்று வலி இல்லை. கணுக்கால் லேசாக வீங்கியிருக்கிறது. வீட்டில் 4.25 சதவீதப் பை ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் போட்டு இழுத்துவிடலாமா? டயாலிசிஸ் யூனிட் திங்கட்கிழமைதான் திறக்கும்.

பிறை_மிஸ்ஸி:
4.25-ஐ இப்போது தொடாதீர்கள். அது ரத்தத்திலிருந்து நீரை வயிற்றுக்குள் இழுக்கும். வெளியேறும் வழியே அடைத்திருந்தால், இழுத்த நீரும் உள்ளேயே நிற்கும்; வயிறு கல்லாகி மூச்சு முட்டும். அது போக, 2 லிட்டர் 4.25 பையில் 85 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உடம்பில் ஏறும், சீனி அளவு எகிறிவிடும்.

முதலில் அளவைப் பார்க்காமல், தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். வேகமாக இறங்கி, சுமார் 20 நிமிடத்தில் தானாக ஓய்ந்து, அளவு மட்டும் குறைந்தால் உடம்பு உறிஞ்சிக்கொண்டது என்று பொருள். ராத்திரி பையில் இது சகஜம்: 1.5 சதவீதப் பையை எட்டு, ஒன்பது மணி நேரம் வயிற்றில் விட்டால் அதன் சீனி தீர்ந்து, நீர் ரத்தத்துக்கே திரும்பும். அப்படி இல்லாமல் கொஞ்சம் இறங்கி சட்டென்று நின்று, புரண்டு படுத்தால் மறுபடி ஓடினால், அது குழாய்ச் சிக்கல்.

குழாய் என்றால் வெளியிலிருந்து உள்ளே போங்கள். கிளாம்ப் முழுக்கத் திறந்திருக்கிறதா, பெல்ட்டுக்கு அடியில் டியூப் மடங்கியிருக்கிறதா, வடிகால் பை தரையில் இருக்கிறதா, பாருங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் இறக்கமே கிடைக்காது. அடுத்த கேள்வி, அப்பா கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்? குழாயின் நுனி அடிவயிற்றின் ஆழத்தில் கிடக்க வேண்டும். மலம் நிறைந்த குடல் அதை நெருக்கி ஓட்டைகளை அடைத்துவிடும், நுனியை மேலே தள்ளியும் விடும். வடியாத சிஏபிடிக்கு முதல் காரணம் பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

வெள்ளை நூல் ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத நூல். தெளிந்த தண்ணீரில் அது மட்டும் இருந்தால் கிருமி என்று சொல்ல முடியாது, ஆனால் அதுவும் குழாயை அடைக்கும். பையில் ஹெப்பரின் (உறைவைத் தடுக்கும் மருந்து) சேர்ப்பது யூனிட் சொன்னால் மட்டுமே. சிரிஞ்சு வைத்துத் தள்ளுவது, டியூப்பைக் கழற்றிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

கொக்கித்தராசு:
அளவு எடுக்கும் விதத்தையும் பாருங்கள். பையில் அச்சிட்ட கோடுகளை நம்ப வேண்டாம், கொக்கித் தராசில் தொங்கவிடுங்கள். 1 கிலோ என்பது கிட்டத்தட்ட 1 லிட்டர். ஆரம்பத்தில் டியூப்பை அலசிவிடும் தண்ணீரும் வடிகால் பைக்குத்தான் போகிறது. அதைக் கழிக்காவிட்டால் வந்தது கூடுதலாகத் தெரியும். ஒரு பையை வைத்து முடிவெடுக்காமல் 24 மணி நேரக் கணக்கைக் கூட்டுங்கள். காலை எடையையும் குறித்து வைத்தால் டாக்டருக்கு அதுவே பாதி பதில்.

ஆயர்ஈத்தாம்_மகள்:
பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. இடது பக்கம் சாய்த்ததும் இன்னும் 300 மில்லி வந்தது. வெளிக்குப் போய் நாலு நாள் ஆகிறதாம், கேட்ட பிறகுதான் சொன்னார். இரும்பு மாத்திரையும் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறார். பெரியம்மா பப்பாளியும் ஸ்டார் ஃப்ரூட் ஜூஸும் கொடுக்கச் சொல்கிறார்.

பிறை_மிஸ்ஸி:
ஸ்டார் ஃப்ரூட் வேண்டவே வேண்டாம், ஒரு வாய் கூட. அதில் நரம்பைத் தாக்கும் நச்சு இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும், கெட்ட கிட்னியால் முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. சிஏபிடியால் அதைச் சரியாக எடுக்கவும் முடியாது, அவசரமாக ரத்த டயாலிசிஸ் தேவைப்படும். பப்பாளி கொடுக்கலாமா என்பதை கடைசி ரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பார்த்துச் சொல்ல வேண்டும். சிஏபிடியில் சிலருக்குப் பொட்டாசியம் குறைவாகவே இருக்கும், அதுவும் குடலை மந்தமாக்கும்.

இரும்பும் கால்சியமும் இரண்டுமே மலத்தைக் கட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். லாக்டுலோஸ் (மலமிளக்கி மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால் எழுதிய அளவில் இன்றே தொடங்கலாம். ஃபார்மசியில் கேட்டால் மக்னீசியம் சேர்ந்த பேதி மருந்தோ, பாஸ்பேட் எனிமாவோ எடுத்துத் தரலாம். கிட்னி நோயாளிக்கு இரண்டும் ஆகாது. குடல் காலியானதும் பலருக்கு வடிகால் தானாகச் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து நுனி எங்கே போயிற்று என்று பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். பழைய தண்ணீர் 400 உள்ளே நிற்கும்போது மேலே 2 லிட்டர் ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் மிச்சம் சேரும். அடுத்த பையை ஏற்றும் முன் யூனிட் கொடுத்த அவசர எண்ணில் கேளுங்கள், திங்கள் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, விதைப்பையோ வயிற்றுச் சுவரோ வீங்கினாலோ நேராக எமர்ஜென்சி. வீங்கினால் வயிற்றுத் தண்ணீர் வெளியே கசிவதாக இருக்கலாம்.

கொக்கித்தராசு:
தினமும் வடிகால் பையை நாளிதழ் மேல் வைத்து எழுத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்து மங்கினால், வலி இல்லாவிட்டாலும் அது கிருமி என்று எண்ணியே அன்றே ஆஸ்பத்திரிக்கு. லேப்பில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளை அணு, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) என்றால் பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்று உள்சவ்வில் கிருமித் தொற்று. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் எதையும் கொடுக்காதீர்கள், கல்ச்சரில் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போய்விடும். கலங்கிய பையைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கிளாம்ப் போட்டு, மூடி, அதையே கையோடு கொண்டுபோங்கள்.