24 மாதக் கைப்பேசி ஒப்பந்தம், போடலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவின் போன் கீழே விழுந்ததிலிருந்து திரையில் ஒரு பச்சைக்கோடு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. டவுன் கடையில் 24 மாத ஒப்பந்தம் போட்டால் புதுப் போன் “இலவசம்” என்கிறார்கள். மாதம் 68 வெள்ளி (ரிங்கிட்). 6 விழுக்காடு சேவை வரியோடு 72 வெள்ளி 8 சென்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் ஏறக்குறைய 1,730 வெள்ளி. அதே போன் பக்கத்துக் கடையில் ரொக்கத்துக்கு 599. அம்மா இப்போது போடும் 35 வெள்ளி பிரிபெய்ட், 24 மாதத்துக்கு 840. இரண்டும் சேர்ந்தே 1,439தான். அப்புறம் எது இலவசம்?

ஆனால் 599ஐ ஒரே மூச்சில் எடுப்பது எங்களுக்குச் சிரமம். லைனும் மோசம், வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான், கோயில் பக்கம் நடந்தால்தான் மூன்று. நம்பர் மாறாமல் வேறு நிறுவனத்துக்குப் போகலாம், சரி. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் தண்டம் எவ்வளவு என்று கேட்டேன். “அதெல்லாம் வராதுக்கா” என்று கடைப் பையன் மழுப்பிவிட்டான்.

அப்படி முறித்தவர்கள் இருந்தால், எவ்வளவு கட்டினீர்கள்? நம் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லைன் வீட்டுக்குள் எடுக்கிறது? சனிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.