சிங்கப்பூர் கப்பலில் 'எல்லாம் அடக்கம்' பேக்கேஜ் எடுக்கலாமா?

கும்பகோணம்: திருச்சியிலிருந்து விமானம், சிங்கப்பூரிலிருந்து 4 இரவு சொகுசுக் கப்பல் பயணம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர். யாரும் மது தொடமாட்டோம். பானம், வைஃபை, டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 70 டாலர் கூடுதலாம். கட்டுபடியாகுமா?

மன்னார்குடி: வேண்டாங்க. சாப்பாட்டுக்கூடம், பஃபே, தண்ணீர், சாதாரண டீ, காபி டிக்கெட்டிலேயே பெரும்பாலும் அடக்கம். எஸ்பிரெசோ, கேப்புசினோ மாதிரி ஸ்பெஷல் காபி, குளிர்பானம் போன்றவற்றுக்குத்தான் காசு. காபி ஒன்று 5 டாலர் என்றாலும், அதை மட்டும் கணக்குப் பார்த்தால் தினம் 14 குடித்தால்தான் 70 வரும். பல கப்பல்களில் ஒரே அறையில் ஒருவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்ற பெரியவர்களும் எடுத்தாக வேண்டும், அங்கேதான் பில் எகிறும். கரையில் சுற்றிப்பார்ப்பது பெரும்பாலும் இதில் சேராது. டிப்ஸ், துறைமுக வரி இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

திருவாரூர்: வைஃபை வேண்டுமானால் ஒரு போனுக்கு மட்டும் போடுங்கள். கடலில் ஏர்பிளேன் மோட் கட்டாயம்; கப்பல் நெட்வொர்க்கில் ரோமிங் ஒட்டிக்கொண்டால் பில் தாங்காது. சைவச் சாப்பாட்டை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கப்பல் மலேசியா போய்த் திரும்பும் என்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுதானா பாருங்கள். கப்பல் ஏறும் நாளிலேயே திருச்சி விமானம் வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள்.

கும்பகோணம்: நன்றிங்க. டிப்ஸ் விவரத்தை இன்றே கேட்கிறேன்.