ட்ரில் மெசின் கிளட்ச்: முதிரையில ஆணி முழுக்க இறங்க முதல் டக்டக் எண்டு அடிக்குது

கல்முனை_தச்சு
முதிரையில (வைரமான கடும் மரம்) செஞ்ச அலுமாரிக் கதவுக்குப் பிணைச்சல் பூட்டுறன். 4க்கு 30 மில்லிமீட்டர் பித்தளை ஸ்குரூ ஆணி, 2 மில்லிமீட்டர் துளை. 18 வோல்ட் ட்ரில். முன்னால இருக்கிற இலக்கம் போட்ட கிளட்ச் வளையத்தை 18இல வச்சாலும் ஆணி கால்வாசி வெளிய நிக்கேக்க டக்டக் எண்டு அடிக்குது. அதே வளையத்தில இருக்கிற ட்ரில் படத்துக்குத் திருப்பினா ஆணித்தலை முறியுது. கிளட்ச் போயிட்டா? கழட்டிப் பார்க்கலாமா?

பட்டறை_மட்டுநகர்
அவசரப்பட்டுக் கழட்டாதீங்க தம்பி. 18 எண்டது நியூட்டன் மீட்டர் இல்ல, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி இருக்கு எண்டதுக்கு ஒரு அடையாளம் மட்டும்தான். வேற மெசினில 18 வேற இறுக்கம்.

உள்ளுக்க கடைசி அடுக்குக் கியர்ல மூண்டு சின்னக் கியர், ஒரு வளையக் கியருக்குள்ள ஓடும். அந்த வளையக் கியர் அசையாம நிண்டாத்தான் சக் (பிட்டைப் பிடிக்கிற வாய்) சுத்தும். வளையக் கியர்ர முகத்தில மேடு மேடா இருக்கும். மேடுகளுக்கு இடையில உருக்குக் குண்டுகள், அதுகளை அமத்திக்கொண்டு ஒரு தடிச்ச ஸ்பிரிங். ஆணி இறுகினவுடன குண்டு மேட்டுக்கு மேலால ஏறிப் பாயும், வளையக் கியர் சும்மா சுத்தும், சக் நிக்கும். அந்தச் சத்தம்தான் டக்டக். மோட்டர் நிக்கிறதில்ல. ட்ரில் படத்தில குண்டு எழும்ப இடமே இல்ல, அதால மோட்டர்ர முழு இழுவையும் ஆணிக்கழுத்துக்குப் போகுது.

மெதுவான அல்பீசியா மரத் துண்டொண்டில 18இல வச்சு அதே ஆணியை இறக்கிப் பாருங்க. தலை பலகைக்குள்ள புதைஞ்சா கிளட்ச் சுகம். பிழை துளையில.

களுவாஞ்சி_மரம்
ஓம், முதிரைக்கு 2 காணாது. 3 மில்லிமீட்டர் போடுங்க, ஆணி நீளத்துக்கே ஆழம் வேணும். முதல்ல அதே அளவு இரும்பு ஆணியை ஏத்தி இறக்குங்க, மறுகா பித்தளை. மெழுகுதிரி தடவலாம். சவர்க்காரம் வேணாம், ஈரத்தை இழுக்கும்.

வேக விசையை 1இல வச்சு, வளையத்தை 5இல தொடங்கி ரெண்டு ரெண்டாக் கூட்டுங்க. 2ஆம் வேகத்தில மோட்டர் சுத்துற வேகமே ஆணியை இன்னும் கொஞ்சம் இழுத்திடும். பெரிய இலக்கத்தில அந்த வேகத்துக்கு இழுவை காணாது, கிளட்ச் அடிக்க முதல் மோட்டர் திணறிச் சூடாகும்.

காத்தான்குடி_கூரை
இம்பேக்ட் டிரைவர் எடுங்க, சோலி முடிஞ்சு.

பட்டறை_மட்டுநகர்
பித்தளைக்கா நானா? இம்பேக்ட்ல இந்தக் கிளட்ச் வளையமே இல்ல. உள்ளுக்க சுத்தியல் பின்னுக்குப் போய்ப் பாய்ஞ்சு அடிக்கும். கைக்கு நோகாது, ஆனா ஆணி எங்க நிக்கோணும் எண்டு அதுக்குத் தெரியாது. தகட்டுக் கூரையிலயும் கவனம்: ரப்பர் வாஷர் தொப்பி விளிம்புக்கு வந்தாப் போதும். பிதுங்கினா வெடிக்கும், கடக்கரைக் காத்துக்கு ஓட்டையைச் சுத்தித் துரு பிடிக்கும்.

கல்முனை_தச்சு
3 மில்லிமீட்டர் துளை போட்டேன், வளையம் 11லயே தலை மட்டமா இருந்திட்டு. கிளட்ச் உண்மையிலயே போனா எப்பிடித் தெரியும்?

பட்டறை_மட்டுநகர்
எல்லா இலக்கத்திலயும் ஒரே மாதிரி லேசா அடிச்சா ஸ்பிரிங்கை அமத்துற மரைத் தட்டு ஏறுதில்ல. ட்ரில் படத்திலயும் அடிச்சா மேடு தேஞ்சிருக்கும், இல்லாட்டி கியர்க் கூடு வெடிச்சிருக்கும். கழட்டுறதெண்டா சக்குக்குள்ள இருக்கிற ஸ்குரூ இடப்புரி, வலப்பக்கம் திருப்பினாத்தான் கழரும். இலக்க வளையத்தைத் தூக்கேக்க ஸ்பிரிங் துள்ளும், தட்டொண்டுக்கு மேல வச்சுச் செய்யுங்க. குண்டுகளை எண்ணி வைங்க. ஒண்டு குறைஞ்சாலும் இறுக்கம் ஒருசீரா வராது. லிதியம் கிறீஸ் மெல்லிசாப் பூசுங்க. துரு கழட்டுற ஸ்பிரே அடிச்சா இருக்கிற கிறீஸும் கழுவுப்பட்டுப் போயிடும்.